கெலிஓயா மஸ்கட்டும் என் மூன்று கையெழுத்துகளும்

போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது ஷாமினி. நான் ஓய்வு பெற்றபோது எனக்குக் கீழே வேலை செய்தவள், இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இயற்கை நிறங்களைப் பற்றிப் பேச வரமுடியுமா என்று கேட்டாள். கண்டியில் இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பீட்ரூட் ஐஸ்கிரீம், சங்குப்பூ இடியப்பம் என்று ஒரு பச்சை இலைப் படம் போட்டு ‘இயற்கை நிறம்’ என்று அடித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் அறிக்கை கேட்டு ஆய்வுகூடத்து வாசலில் வந்து நிற்கிறார்களாம்.

“நீங்க பாத்த பழைய கேஸ் நாலு சொல்லுங்க மிஸ், பிள்ளைங்க ஆசையாக் கேப்பாங்க,” என்றாள்.

பேச வரமாட்டேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் நான். ஆனாலும் அந்த நாலு கேஸில் மூன்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு நாலாவதற்கு வரும்போது என் குரல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதையே எழுதுகிறேன்.

நான் ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரசாயனம் படித்தேன், பட்டம் வாங்கினேன், கண்டியில் உணவு ஆய்வுகூடமொன்றில் உதவிப் பகுப்பாய்வாளர் வேலை கிடைத்தது. “எம் பொண்ணு ஒரு கையெழுத்துப் போட்டா கடையவே இழுத்து மூடணும்” என்று அப்பா தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது அவ்வளவு உண்மையில்லை. மறுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் பெருமை என்ற நோய் எனக்கு அங்கேயே தொற்றிவிட்டது.

எங்கள் தலைமைப் பகுப்பாய்வாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. எல்லோரும் அவரை மெடம் என்போம். வெள்ளைக் கோட்டில் ஒரு கறை இருக்காது. நாள் முழுவதும் சாயங்களோடு கிடக்கிறவரின் கோட்டில் ஒரு பொட்டு நிறம்கூட இல்லாதது ஆரம்பத்தில் எனக்குப் பயமாகவே இருந்தது. யாரையும் திட்டமாட்டார். அறிக்கையை வாங்கி, பேனையைத் திறந்து, வேண்டாத சொல்லை ஒரே கோட்டில் வெட்டுவார். என் முதல் அறிக்கையில் ‘இந்தத் தூள் இயற்கையானது’ என்று எழுதியிருந்தேன்.

“ஏன் காணும், இது கிழங்கிலயிருந்து வந்ததெண்டு நீர் தோட்டத்தில நிண்டு பாத்தனீரோ?”

“இல்லைங்க மெடம்.”

“அப்ப கண்டதை மட்டும் எழுதும். என்னத்தைத் தேடினீர், அது கிடைச்சுதோ இல்லையோ. அவ்வளவுதான் எங்கட வேலை.”

அதற்கென்று அவர் வைத்திருந்த வாசகம் எனக்கு இன்றும் தலைகீழாகச் சொல்ல வரும்: ‘சமர்ப்பிக்கப்பட்ட மாதிரியில் செயற்கை நிறமூட்டி எதுவும் கண்டறியப்படவில்லை. இம்முடிவு சமர்ப்பிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.’ இதில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எனக்கு அந்த வாசகம் பிடித்திருந்தது. யாரும் அதில் குறை பிடிக்க முடியாது என்பது இளவயதில் பெரிய சுகம்.

சோதனையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நம்பியது கம்பளி நூலை. கம்பளி என்பது ஆட்டு மயிர். ஆலையில் செய்த சாயங்கள் அதைப் பிடித்தால் விடாது. செடியிலிருந்து வருகிற நிறங்கள் பெரும்பாலும் மேலே பூசினாற்போல் இருந்துவிட்டுக் கழுவினால் போய்விடும். மஞ்சள் மட்டும் சண்டித்தனம் பண்ணும், அதற்கு வேறு வழி உண்டு. வெள்ளைக் கம்பளி நூலைக் காரத்தில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசை போக்கிக் காயவைத்திருப்போம். உணவிலிருந்து பிரித்தெடுத்த நிறநீரில் கொஞ்சம் அமிலம் விட்டு, நூலைப் போட்டுக் கொதிக்கவைப்போம். நூலை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசுவோம். நிறம் நின்றால், அந்த நூலை அம்மோனியாவில் போட்டு நிறத்தைக் கழற்றி, அந்த நிறத்தைப் புது நூலொன்றில் மறுபடி ஏற்றுவோம். இரண்டாவது நூலிலும் ஏறினால்தான் செயற்கை. சில துணிச் சாயங்கள் இதற்கு நேரெதிர். அம்மோனியாவில் ஏறி அமிலத்தில் கழலும். அதனால் இரண்டு விதமாகவும் செய்து பார்க்கவேண்டும். அவசரத்தில் யாராவது முதல் நூலோடு நிறுத்திவிட்டால் மெடம் பேசாமல் வந்து புது நூலொன்றை அவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

இப்படி வருடங்கள் ஓடி, நானே கையெழுத்திடும் நிலைக்கு வந்த பிறகுதான் அந்த முதலாளி வந்தார். கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஒரு போத்தலில் பீட்ரூட் தூள் கொண்டுவந்தார்.

“நாங்களே காயவச்சு அரைக்கிறோம் மிஸ். சனங்க நம்ப மாட்டேங்குறாங்க. ஒங்க கையால ஒரு ரிப்போட் தந்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஒரு பொருளைச் சோதிக்கத் தரலாம், அதில் தப்பில்லை. தூளைத் தண்ணீரில் கரைத்தேன். ஒரு துளி காரம் விட்டதும் சிவப்பு மறைந்து மஞ்சளானது. பீட்ரூட் அப்படித்தான் செய்யும். இன்னொரு குழாயைச் சுடரில் பிடித்தேன். கொதிக்கக் கொதிக்கச் சிவப்பு செத்து, பழைய தேநீர் நிறத்துக்கு வந்தது. அதுவும் பீட்ரூட்டின் குணம், சூடு தாங்காது. கம்பளி நூலில் இலேசாக ஒட்டிய ரோஸ் நிறம் அலசியதும் போய்விட்டது. எல்லாம் சுத்தம். மெடத்தின் வாசகத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். அது முதலாவது கையெழுத்து.

எனக்கு அப்போது வீடு நாவலப்பிட்டியில். என் வீட்டுக்காரர் அங்கே பாடசாலை ஆசிரியர். ஒரு சனிக்கிழமை இருவரும் கண்டிக்குப் போகும் வழியில் கெலிஓயாவில் இறங்கி, அந்தக் கடைக்குள் ஏதோ வாங்கப் போனோம். முதலாளியின் மேசைக்கு மேலே லட்சுமி படம். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, என் அறிக்கை. லட்சுமிக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அறிக்கைக்கும் வைத்திருந்தார்கள். ‘மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற கடைசி வரி சட்டத்தின் விளிம்புக்குள் பாதி மறைந்திருந்தது.

“சரசு, ஒன் கையெழுத்துக்கு ஊதுபத்தி காட்டியிருக்காங்க பாரு. இனி வருஷா வருஷம் தேர் இழுப்பாங்க போல,” என்றார் என் வீட்டுக்காரர்.

முதலாளி எழுந்து நின்று எங்களுக்குக் கதிரை போட்டார். அங்கே இருந்தவர்களிடம், “இவங்கதான் அந்த மிஸ்” என்றார். நான் புன்னகைத்தேன். தேநீரும் குடித்தேன். மறைந்திருந்த வரி என் கண்ணில் படாமலில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த நேரத்தில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது கையெழுத்துத்தான். அடுக்கியிருந்த தூள் பொட்டலங்களில் ஒன்றை வாங்கிப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். பக்கத்து ஆசனத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் காட்டவும் செய்வேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

அடுத்த வருடம் நோன்புப் பெருநாள் காலத்தில் பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளில் பண்டங்களை எடுத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்கள். மாதிரிகளில் இலக்கம் மட்டும் இருக்கும், யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. அதில் ஒன்று மஸ்கட். கோதுமை மாவைப் பிசைந்து கழுவி எடுத்த பாலில், சீனியும் நெய்யும் சேர்த்து, கை ஓயக் கிண்டிச் செய்கிற பண்டம். வில்லையாக வெட்டி, கஜு என்கிற முந்திரிப்பருப்பைப் பதித்து, கண்ணாடி போல மினுங்கியது. நல்ல சிவந்த ரோஸ் நிறம்.

பெட்ரோலியம் ஈதரில் நெய்யைக் கழுவி எடுத்து, மிச்சத்திலிருந்து நிறத்தைப் பிரித்தேன். அம்மோனியா விட்ட நீரில் போட்ட நூல் பளீரென்று ரோஸ் ஆனது. அலசினேன், போகவில்லை. அமிலத்தில் கழற்றினேன், கழன்றது. புது நூலில் ஏற்றினேன், ஏறியது. மின்குமிழை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தபோது நூல் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. துணிக்குப் போடும் சாயம், உணவில் போடவே கூடாதது. மெடம் வந்து குனிந்து பார்த்தார்.

“ஓம். சந்தேகமில்லை. எழுதும்.”

எழுதினேன். அது இரண்டாவது கையெழுத்து.

வழக்கமாக அறிக்கையோடு எங்கள் வேலை முடிந்துவிடும். இந்த வழக்கில் எதிர்த்தரப்பு சட்டத்தரணி பகுப்பாய்வாளரை நேரில் அழைக்கவேண்டும் என்றார். மெடமும் கூட வந்தார். நீதிமன்றத்தில்தான் அந்த மஸ்கட்டைச் செய்தவரை முதன்முதலாகப் பார்த்தேன். பெயர் பரீதா. கெலிஓயாவில் வீட்டில் வைத்துச் செய்து தேநீர்க் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுப்பவர். கணவர் த்ரீவீல் ஓட்டுகிறார். கறுப்பு முக்காட்டின் நுனியைக் கையில் பிடித்தபடி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தெரிந்தவர்களைப் பார்த்தால் அசைப்பதுபோல.

ஏன் என்று கொஞ்ச நேரத்தில் விளங்கியது. தான் எந்தச் சாயமும் போடவில்லை, கடையில் வாங்கிய பீட்ரூட் தூளைத்தான் போட்டேன், அதற்கு அரசாங்கத் தாள் இருக்கிறது என்பது அவருடைய வாக்குமூலம். சட்டத்தரணி கைபேசியில் எடுத்த படத்தை அச்சடித்துக் காட்டினார். குங்குமப் பொட்டோடு என் அறிக்கை.

விசாரணை சிங்களத்தில் நடந்தது. இது உங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். இந்தத் தூளில் செயற்கை நிறம் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சமர்ப்பிக்கப்பட்ட மாதிரியில் இல்லை என்றேன். கடையில் விற்ற தூளில்? அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. இவர் போட்டது அந்தத் தூளாக இருந்தால் மஸ்கட்டில் துணிச் சாயம் எப்படி வந்திருக்கும்? நான் சோதித்ததைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும். சட்டத்தரணி எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் அதே வாசகத்தை வைத்து அடைத்தேன். பதில்கள் தங்குதடையில்லாமல் வந்தன. என் பரீட்சைகளில்கூட அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.

பீட்ரூட் சூட்டில் சிவப்பாக நிற்காது என்று எனக்குத் தெரியும். என் கையாலேயே கொதிக்கவைத்துப் பார்த்தது. அப்படியானால் பீட்ரூட் தூள் என்று நம்பி வாங்கியதைக் கிண்டிக் கிண்டியும் சிவப்பு மாறாமல் வந்திருந்தால், அந்தப் பொட்டலத்திலேயே வேறு ஏதோ இருந்திருக்கவேண்டும். கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கெலிஓயா தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அந்தச் சிவப்பு மஸ்கட்டை பஸ்ஸிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆய்வுகூடத்து அறிவை மாலையில் கோட்டோடு சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டு வந்திருக்கிறேன் போலும். நீதிமன்றத்திலும் அந்தக் கணக்கைக் கூட்டிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பரீதாவுக்குத் தண்டம் விதித்தார்கள். விற்றவர் பொறுப்பு, சட்டம் அப்படி.

“நல்லாச் சொன்னீர்,” என்றார் மெடம் படியிறங்கும்போது. வருடத்துக்கு ஒருமுறைகூட யாரையும் பாராட்டாதவர்.

வெளியே மரத்தடியில் பரீதா எங்களை நோக்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“மிஸ், கோபிக்காதீங்க. எனக்கு ஒண்டு வெளங்கல்ல. கடையில வாங்கிறத்தப் பத்தி அந்தத் தாள்ல ஒண்டும் செல்லல்லண்டா, அத ஏன் கடையில தொங்க வச்சீக்கு?”

“அத நாங்க தொங்க விடல்லைங்க,” என்றேன்.

“ஒங்கட பேரப் பார்த்துத்தான் மிஸ் நான் வாங்கின. அதுக்கு முந்தி கலரே இல்லாமத்தான் செஞ்ச. இப்ப எங்கட ஊர்ல என்னயச் சாயக்காரி எண்டு செல்றாங்க. தங்கச்சிட கல்யாணத்துக்கு நான் கிண்டின மஸ்கட்ட ஒருத்தரும் தொடல்ல. தட்டு தட்டா அப்பிடியே திரும்பி வந்த.”

மெடம் என் முழங்கையைத் தொட்டார். வழக்கு முடிந்தவரோடு நின்று பேசக்கூடாது என்பது முறை. நான் முறைப்படி நடந்து போய் வாகனத்தில் ஏறினேன்.

அன்று மாலையே கெலிஓயாவில் இறங்கினேன். அந்தக் கடைக்குள் போகக் கூசியது. பஸ் நிலையத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் சொல்லி ஒரு பொட்டலம் வாங்குவித்தேன். மறுநாள் காலை யாரும் வரும் முன்னமே சோதித்தேன். அதே ரோஸ். விளக்கின் கீழே அதே செம்மஞ்சள். இரண்டு நூல்களையும் வடிதாளில் வைத்து மெடத்தின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பாவம் அந்தப் பிள்ளை. ஆனா இதை ஆர் எடுத்தது? நீர் காசு குடுத்து வாங்கினது. முத்திரை இல்லை, சாட்சி இல்லை. சட்டத்துக்கு இது மாதிரியே இல்லை.”

“அப்ப என்னங்க மெடம் செய்யிறது?”

“பி.எச்.ஐ.க்கு எழுதுவம். அவர் முறையா எடுத்து அனுப்பட்டும்.”

அன்றே எழுதினார், அவரைக் குறைசொல்ல முடியாது. பி.எச்.ஐ. போனார். ஆனால் வழக்கு முடிந்த செய்தி கெலிஓயாவுக்கு வர பஸ் தேவையில்லை. கடையில் பழைய பொட்டலம் ஒன்றும் இருக்கவில்லை. முதலாளி சிரித்த முகத்தோடு புதுப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தாராம். அரக்கு முத்திரையோடு அது என் மேசைக்கு வந்தது. காரம் விட்டேன், மஞ்சளானது. கொதிக்கவைத்தேன், சிவப்பு செத்தது. நூல் வெள்ளையாக நின்றது. மெடத்தின் வாசகத்தை எழுதி மூன்றாவது கையெழுத்தைப் போட்டேன். பொய்யென்று ஒரு சொல் அதில் இல்லை. பேனையை மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போனவள் அங்கேயே நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் கெலிஓயா வந்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். “என்ன, சாமி கும்பிடல்லயா?” என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேலி செய்யவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை, பரீதா ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஜாம் போத்தல் ஒன்றில் தூள் கொண்டுவந்திருந்தார். பீட்ரூட்டைத் தானே சீவி, தகரத்தின் மேல் காயவைத்து, அரைத்ததாம். ஒரு கல்யாண வீட்டில் மஸ்கட் கேட்டிருக்கிறார்கள். தாள் இருந்தால்தான் எடுப்பார்களாம்.

நான் அவரை உட்காரவைத்தேன். யாரும் கேட்கிறார்களா என்று பார்க்காமல் சொன்னேன். “அந்தக் கடைத் தூள நான் வாங்கிப் பாத்தேங்க. அதுலதான் சாயம் இருந்துச்சு. நீங்க ஒண்ணும் செய்யல்ல.”

“அது எனக்கு முந்தியே தெரியும் மிஸ். இப்ப ஒங்களுக்கும் தெரியும். வழக்குக் கேட்ட கோட்டுக்குத்தான் தெரியா.”

குரலில் குத்தல் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, இந்தத் தூளைப் போட்டால் மஸ்கட் பழுப்பாகத்தான் வரும், சிவப்பு நிற்காது என்று சொன்னேன்.

“பழுப்பா வந்தா பழுப்பாவே ஈக்கட்டும். தாள் ஈந்தாப் போதும்.”

மாதிரிக்கென்று இரண்டு கரண்டி தூளை எடுத்தேன். மிச்சத்தை மூடி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அத நீங்களே வச்சிக்கோங்க. நீங்க கரண்டியில எடுத்தீங்களே, அத பார்த்து முடிஞ்ச பொறகு எனக்குத் தாங்க. அது போதும், ஒரு தாச்சி மஸ்கட் கிண்ட வரும்.” பையிலிருந்து கழுவித் துடைத்த சின்னப் போத்தலொன்றை எடுத்து மேசையில் வைத்தார். “பார்த்ததுக்கு மட்டுந்தான் தாள் செல்லும் எண்டு கோட்ல நீங்கதானே சென்னீங்க. அதுதான், பார்த்தத்தயே போடுவம் எண்டு ஈக்கேன்.”

சோதிக்கிற தூளைக் காரத்தில் கரைத்து, அமிலத்தில் கொதிக்கவைத்து, கடைசியில் தொட்டியில் ஊற்றிவிடுவோம் என்பதை அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. மெல்லிய குரலில் சொன்னேன். சோதித்தது எதுவும் திரும்பி வராது, வந்தாலும் வாயில் வைக்க முடியாது என்றேன்.

அவர் அந்தச் சின்னப் போத்தலை மறுபடி கையில் எடுத்தார்.

“அப்ப, நல்லம் எண்டு நீங்க செல்றத ஒருத்தருக்கும் தின்ன ஏலாதா மிஸ்?”

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பதில் வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.